மாண்ட்ரியலின் பன்னிரண்டு மாதங்கள்: பூஜ்யத்துக்கு மேலும் கீழும்

நீங்கள் கேட்டிருப்பது மூன்று கேள்விகள். மதுரையிலிருந்து வரும் ஜனவரியில் மனைவியோடு மாண்ட்ரியலுக்குக் குடிவரப் போகிறீர்கள். அங்கே வருஷம் முழுக்கப் பனியா என்பது ஒன்று. என்னென்ன வாங்கிக்கொண்டு வர வேண்டும் என்பது இரண்டு. மூன்றாவது உங்கள் மனைவி கேட்கச் சொன்னது: மல்லிகைச் செடி அந்த ஊரில் பிழைக்குமா? மல்லிகைக்குக் கடைசியில் வருகிறேன்.

நான் இங்கே வந்து பத்தொன்பது குளிர்காலம் ஆகிவிட்டது. வருஷம் முழுக்கப் பனி கிடையாது. தரையில் பனி நிலைத்துக் கிடப்பது சாதாரணமாக டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் கடைசி வரை. அதற்கு முன்னும் பின்னும் வரும், கரையும். ஜூலையில் பகல் வெயில் சராசரி 26 டிகிரி. 30-ஐத் தாண்டும் நாட்களும் உண்டு. வியர்வை, கொசு, மின்விசிறி எல்லாம் உண்டு. போதுமென்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் இந்த ஊர்க் குளிரைப் பற்றி இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் தவறான விஷயத்துக்குப் பயப்படுகிறார்கள் என்பது என் எண்ணம். அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

முதலில் வரைபடத்தைப் பாருங்கள். மாண்ட்ரியல் 45½ டிகிரி வடக்கில் இருக்கிறது. இத்தாலியின் வெனிஸும் மிலானும் கிட்டத்தட்ட அதே கோட்டில்தான். பாரிஸும் லண்டனும் எங்களைவிட வடக்கே இருக்கின்றன. சூரியன் எங்களுக்கு ஓரவஞ்சனை செய்யவில்லை. காற்றுதான் காரணம். இந்த அட்சரேகையில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிறது. ஐரோப்பாவுக்கு அது அட்லாண்டிக் கடலின் மிதமான சூட்டை அள்ளிக்கொண்டு வருகிறது. எங்களுக்கு வருவது உறைந்த கண்டம் ஒன்றைக் கடந்து வந்த காற்று. அதோடு, வடதுருவக் குளிர்காற்றைத் தடுத்து நிறுத்த இங்கே குறுக்கே மலை கிடையாது. மத்திய ஆசியாவின் குளிர் டெல்லிக்கு இறங்காமல் இமயமலை மறிக்கிறது அல்லவா? கனடாவில் அப்படிக் கிழக்கு மேற்காக ஓடும் சுவர் எதுவும் இல்லை. ஆர்க்டிக் காற்று நினைத்தால் நேராக இறங்கி வந்துவிடும். நினைத்தால் மெக்சிகோ வளைகுடாவின் ஈரச் சூடும் அதே வழியில் மேலே ஏறி வரும். இரண்டும் சண்டை போடும் இடம் செயின்ட் லாரன்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு. அதன் நடுவில் ஒரு தீவாக உட்கார்ந்திருக்கிறது இந்த ஊர்.

அதனால் இங்கே ஜனவரி என்றால் ஒரே சீரான குளிர் என்று நினைக்காதீர்கள். ஜனவரியின் சராசரி பகலில் மைனஸ் 5, இரவில் மைனஸ் 14. சராசரி ஏமாற்றும். ஒரு வாரம் மைனஸ் 25 வரை போகும். அடுத்த வாரம் பிளஸ் 4, மழை. 2015 டிசம்பர் 24-ம் தேதி வெப்பம் 15 டிகிரியைத் தாண்டியது. ஆட்கள் டி-சர்ட்டோடு கிறிஸ்துமஸ் சாமான் வாங்கப் போனார்கள். அடுத்த வாரமே பெரும் பனிப்புயல் அடித்தது. விமான நிலையத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 1957 ஜனவரி 15-ன் மைனஸ் 37.8. மிக அதிகம் 1975 ஆகஸ்ட் 1-ன் 37.6. ஒரே ஊரில் 75 டிகிரி வித்தியாசம்! மதுரையில் அப்படி ஒரு வித்தியாசத்தைச் சமையல் அடுப்பில்தான் பார்க்க முடியும்.

நான் வந்த முதல் வாரத்தில் பார்க் எக்ஸ்டென்ஷன் பக்கத்தில் ஒரு தமிழ்க் கடைக்கு அரிசி வாங்கப் போனேன். கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர், எண்பதுகளிலேயே வந்தவர். நான் கழுத்துவரை சுற்றிக்கொண்டு நின்றதைப் பார்த்துச் சிரித்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, குளிர் ஒண்டும் செய்யாது. உடுப்புப் போட்டாச் சரி. சறுக்கும், அதைத்தான் பாத்து நடக்கோணும்." பத்தொன்பது வருஷத்தில் இந்த ஊர்த் தட்பவெப்பத்தைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அவர் சொன்னதன் பொருள் இதுதான். இந்த ஊரில் கவனிக்க வேண்டிய எண் மைனஸ் 20 அல்ல, பூஜ்யம். மைனஸ் 20-ல் பனி மணலைப் போல இருக்கும். காலடியில் நறநறவென்று சத்தம் போடும், வழுக்காது. வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும். சரியான உடுப்போடு ஒரு மணி நேரம் நடக்கலாம். ஆனால் பகலில் பிளஸ் 2, இரவில் மைனஸ் 6 என்று பூஜ்யத்தைத் தாண்டித் தாண்டி வரும் நாட்கள் இருக்கின்றனவே, அவைதான் ஆபத்து. பகலில் உருகிய தண்ணீர் இரவில் நடைபாதையில் கண்ணாடித் தகடாக உறையும். காலையில் அதன்மேல் ஒரு விரற்கடைப் பனித்தூள் விழுந்து மூடியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களில் குளிரால் ஆஸ்பத்திரிக்குப் போனவர் யாரும் இல்லை. விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டவர்கள் நாலு பேர்.

நமக்குப் 'பனி' என்று ஒரே சொல்தான். மார்கழிப் பனியும் அதுதான், இமயத்துப் பனியும் அதுதான். இங்கே வந்தால் அது போதாது. மைனஸ் 15-ல் விழுவது எடையே இல்லாத தூள், ஊதினால் பறக்கும். காற்று அதைத் தரையோடு ஓட்டிக்கொண்டு போவதற்கு இந்த ஊர் மொழியான பிரெஞ்சில் 'பூட்ரரி' என்று தனிச்சொல்லே இருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி விழுவது ஈரப் பனி. இட்லி மாவு மாதிரி கனக்கும். ஒரு மண்வெட்டி தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். உப்புப் போட்ட சாலையில் பனி கரைந்து பழுப்புக் கூழாகிக் கிடப்பது 'ஸ்லோஷ்'. தெருமுனையில் அது கணுக்கால் ஆழத்துக்குக் குளமாக நிற்கும். கெட்டியான தரை என்று நம்பிக் கால் வைப்பீர்கள். எல்லோரும் ஒருமுறை வைத்திருக்கிறோம். மரம், கம்பி, படிக்கட்டு எல்லாவற்றையும் கண்ணாடியால் பூசிவிடுவது 'வெர்க்ளா'. மழை விழுந்து தொட்ட இடத்தில் உறைவது அது. உறைமழை என்று வைத்துக்கொள்வோம்.

உறைமழையைப் பற்றிச் சொல்லாமல் மாண்ட்ரியலைப் பற்றிப் பேச முடியாது. தெற்கிலிருந்து வரும் சூடான ஈரக்காற்று மேலே ஏறுகிறது. குளிர்காற்று கனமானது, ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக வடகிழக்கிலிருந்து ஊர்ந்து வந்து தரையை ஒட்டிப் படுத்துக்கொள்ளும், லேசில் நகராது. மேகத்திலிருந்து பனியாகப் புறப்பட்டது நடுவிலுள்ள சூட்டில் உருகி மழையாகிறது. கடைசிச் சில நூறு மீட்டரில் மறுபடியும் பூஜ்யத்துக்குக் கீழே போகிறது. ஆனால் உறைய நேரமில்லை. குளிர்ந்த தண்ணீராகவே விழுந்து, எதைத் தொடுகிறதோ அதன்மேல் அந்த நொடியே ஐஸாகிறது.

1998 ஜனவரியில் இது ஓரிரு மணி நேரத்தோடு நிற்கவில்லை. ஐந்தாம் தேதியை ஒட்டித் தொடங்கி பத்தாம் தேதி வரை விட்டுவிட்டுப் பெய்தது. ஆற்றின் தென்கரையில் சில இடங்களில் 100 மில்லிமீட்டர் அளவுக்கு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரும்பு மின்கோபுரங்கள் ஐஸின் எடை தாங்காமல் மடிந்து விழுந்தன. மாண்ட்ரியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் சுமார் 14 லட்சம் மின் இணைப்புகள் அறுந்தன. தென்கரையில் ஒரு பகுதிக்கு 'இருள் முக்கோணம்' என்றே பெயர் வந்துவிட்டது. அங்கே சில வீடுகளுக்கு மின்சாரம் திரும்ப ஐந்து வாரம் ஆயிற்று. ராணுவம் இறங்கியது. நான் அப்போது இங்கே இல்லை. என் கீழ்வீட்டு மூதாட்டி இருந்தார். அவர் சொன்னதில் எனக்கு மறக்காதது இருட்டு அல்ல, சத்தம். இரவு முழுக்க எங்கேயோ துப்பாக்கி சுடுவதுபோல் மரக்கிளைகள் ஒடிந்துகொண்டே இருந்தனவாம். 2023 ஏப்ரல் 5-ல் எனக்கும் அந்தச் சத்தம் கேட்டது. ஒரே நாள் உறைமழை. மாகாணத்தில் 11 லட்சம் இணைப்புகள் போயின. எங்கள் தெருவில் மேப்பிள் மரம் ஒன்று நடுவில் பிளந்து ஒரு காரின் மேல் சாய்ந்தது. வீட்டில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. இங்கே பெரும்பாலான வீடுகளுக்குச் சூடு தருவது மின்சாரம்தான், சுவரடியில் ஓடும் ஹீட்டர்கள். கரண்ட் போனால் வெளிச்சம் மட்டும் போவதில்லை. ஏப்ரல் என்பதால் போர்வையோடு சமாளித்தோம். ஜனவரியாக இருந்திருந்தால் நண்பர் வீட்டுக்குத்தான் ஓடியிருக்க வேண்டும்.

சரி, பனிக்கு வருவோம். ஒரு வருஷத்தில் சராசரியாக 210 சென்டிமீட்டர் விழுகிறது. ஒரு ஆள் உயரத்தைவிட அதிகம். ஆனால் பத்து சென்டிமீட்டர் பனியை உருக்கினால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தண்ணீர்தான். வருஷ மழையளவு மொத்தம் 1000 மில்லிமீட்டர் என்றால், அதில் ஐந்தில் ஒரு பங்குதான் பனி. இங்கே மழைக்காலம் என்று தனியாக ஒன்று கிடையாது. பன்னிரண்டு மாதமும் ஏறக்குறைய ஒரே அளவாகப் பெய்துகொண்டிருக்கும். ஐப்பசியில் அடைமழை, மாசியில் சொட்டுக்கூட இல்லை என்று பழகிய நமக்கு இது கொஞ்சம் சுவாரசியமில்லாத ஏற்பாடு.

பனி விழுவதில் ஒரு முறை இருக்கிறது. கவனித்தால் ஒரே வருஷத்தில் பிடிபட்டுவிடும். கடுங்குளிரில் பெரிதாகப் பனி விழாது. வானம் சாம்பல் நிறமாகி, குளிர் கொஞ்சம் தணிந்து மைனஸ் 5-க்கு வந்தால் புயல் வருகிறது என்று அர்த்தம். ஒரு பகலும் இரவும் கொட்டும். அப்புறம் காற்று வடமேற்குக்குத் திரும்பும், மேகம் கலையும், வெப்பம் ஒரேயடியாக மைனஸ் 20-க்கு இறங்கும். பனியை அள்ளுவது என்றால் இந்த இடைவெளிக்குள் அள்ளிவிட வேண்டும். விட்டால் கல்லாகிவிடும்.

ஊரும் அதே அவசரத்தில்தான் வேலை செய்கிறது. இங்கே பனியைத் தள்ளி ஓரம்கட்டுவதோடு விடுவதில்லை. லாரியில் ஏற்றி ஊரைவிட்டே அகற்றுகிறார்கள். தெருவும் நடைபாதையுமாகச் சேர்த்துப் பத்தாயிரம் கிலோமீட்டர் அளவுக்கு. அந்த ஊர்வலத்தை நீங்கள் ஒருமுறை சன்னலோரம் நின்று பார்க்க வேண்டும். முதலில் தெருவோரத்தில் ஆரஞ்சு நிறத் தற்காலிகப் பலகை முளைக்கும்: இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை வண்டி நிறுத்தக் கூடாது. பிறகு இழுவை வண்டி ஒன்று இரண்டு சுருதியில் மாறி மாறிக் கூவிக்கொண்டு மெதுவாகத் தெருவைச் சுற்றும். கடைசி எச்சரிக்கை அது. பின்னாலேயே நடைபாதையில் ஓடும் சின்ன டிராக்டர்கள் பனியைச் சாலைக்குத் தள்ளும். பெரிய வண்டிகள் அதை நடுவில் நீளக் குவியலாக்கும். பிறகு பனி ஊதும் எந்திரம் வந்து, அந்தக் குவியலை விழுங்கி, பக்கத்தில் நகரும் லாரிக்குள் வில்லாக வளைத்துத் துப்பும். ஒரு லாரி நிறைந்ததும் அடுத்தது வந்து நிற்கும். அந்த ஊதும் எந்திரத்தைச் செய்து காட்டியவரே இந்தப் பக்கத்து ஆள்தான். ஆர்தர் சிக்கார் 1925-ல் செய்து, 1927-ல் இப்போது மாண்ட்ரியலோடு சேர்ந்துவிட்ட ஊட்ரமான்ட் நகரத்துக்கு முதல் எந்திரத்தை விற்றார்.

என் முதல் குளிர்காலத்தில் அந்தக் கூவலை ஆம்புலன்ஸ் என்று நினைத்து, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினேன். காலையில் காரைக் காணவில்லை. திருட்டு என்று பதறிப்போய்ப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டால் அவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். மூன்று தெரு தள்ளி, அபராதச் சீட்டோடு நின்றது. பலகையைப் படிக்காதது என் தப்பு. நீங்கள் கார் வாங்கினால் முதலில் கற்றுக்கொள்ள வேண்டிய பிரெஞ்சு அந்தப் பலகையில் எழுதியிருப்பதுதான். டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் போடுவது மாகாணச் சட்டம் என்பதையும் மறக்காதீர்கள்.

அள்ளிய பனி எங்கே போகிறது என்று எல்லோரும் கேட்பார்கள். ஒரு பங்கைச் சாக்கடைக்குள் இறக்குகிறார்கள். கழிவுநீரின் சூட்டில் அது கரைந்துவிடும். ஆற்றில் கொட்டும் பழக்கத்தை உப்புக்கும் அழுக்குக்கும் பயந்து எப்போதோ நிறுத்திவிட்டார்கள். பெரும் பங்கு போவது செயின்ட் மிஷெல் பகுதியில் இருக்கும் பிரான்கான் என்ற பழைய சுண்ணாம்புக்கல் குவாரிக்கு. நான் ஒரு ஜூலை மாதம் அதன் வேலியோரம் நின்று எட்டிப் பார்த்தேன். மேலே 30 டிகிரி வெயில். கீழே கரியும் குப்பையும் படிந்த கறுப்பு மலை ஒன்று, அதன் அடியில் பச்சைநிறக் குட்டை. அது பனி என்று சொன்னால்தான் தெரியும். வருஷம் முழுக்கப் பனியா என்று கேட்டீர்கள் அல்லவா? அந்தக் குவாரிக்குள் மட்டும் கிட்டத்தட்ட ஆமாம்.

பெரும்புயல்களைப் பற்றி இங்கே தாத்தாக்கள் கதை சொல்வார்கள். 1971 மார்ச் 4-ன் புயல் 'நூற்றாண்டுப் புயல்' என்றே பெயர் வாங்கியது. அன்று மாண்ட்ரியல் அணியின் ஐஸ் ஹாக்கி ஆட்டமே தள்ளிப்போனது என்பதைத்தான் எல்லோரும் ஆச்சரியமாகச் சொல்வார்கள். ஹாக்கி நிற்பது என்றால் இங்கே சாதாரண விஷயம் இல்லை. 2012 டிசம்பர் 27-ல் ஒரே நாளில் 45 சென்டிமீட்டர். 2025 பிப்ரவரியில் நாலு நாளுக்குள் இரண்டு புயல், இரண்டும் சேர்ந்து 70 சென்டிமீட்டருக்கு மேல். அள்ளி முடிக்கவே வாரங்கள் ஆயின. குளிர்காலம் முன்னைவிடச் சாந்தமாகிவிட்டது, ஜனவரியில்கூட மழை பெய்கிறது என்பது உண்மைதான். அதற்காகப் பனி ஓய்ந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பழைய குளிருக்கு ஒரு சாட்சி ஆறு. 1880 முதல் 1883 வரை குளிர்காலத்தில் உறைந்த செயின்ட் லாரன்ஸின் மேல் தண்டவாளம் போட்டு, இக்கரையில் ஒஷலாகாவிலிருந்து தென்கரையில் லாங்கே வரை ரயிலே ஓட்டியிருக்கிறார்கள். 1881-ல் ஓர் எஞ்சின் ஐஸை உடைத்துக்கொண்டு ஆற்றுக்குள் போய்விட்டது. ஆனாலும் இரண்டு வருஷம் தொடர்ந்து ஓட்டினார்கள்! துறைமுகம் அப்போதெல்லாம் மாதக்கணக்கில் மூடிக் கிடக்கும். வருஷத்தில் முதலில் வந்து சேரும் கடல்கப்பலின் கேப்டனுக்குத் தங்கப்பூண் போட்ட கைத்தடி கொடுக்கும் வழக்கம் 1840-ல் தொடங்கியது. அந்தக் கப்பல் வருவது வசந்தம் வந்ததற்கு அடையாளம். இப்போதும் கைத்தடி கொடுக்கிறார்கள், ஆனால் ஜனவரி முதல் வாரத்திலேயே. இதைப் பருவநிலை மாற்றக் கணக்கில் மட்டும் எழுதிவிடக் கூடாது. 1964 முதல் ஐஸ் உடைக்கும் கப்பல்கள் ஆற்றில் பாதையைத் திறந்தே வைத்திருக்கின்றன. ஐஸைத் தாங்கும் சரக்குக் கப்பல்கள் குளிர்காலம் முழுக்க வந்துபோகின்றன.

பிப்ரவரி முடியும்போது எல்லோருக்கும் அலுத்துவிடும். குளிருக்கு அல்ல, வெளிச்சமின்மைக்கு. டிசம்பர் 21-ஐ ஒட்டிச் சூரியன் காலை ஏழரைக்கு எழுந்து மாலை நாலேகாலுக்குப் போய்விடும். மதுரையில் வருஷத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேரம் சொச்சம்தான் வித்தியாசம். இங்கே ஏழு மணி நேரம். காலையில் இருட்டில் வேலைக்குப் போய் மாலையில் இருட்டில் திரும்புவது முதல் வருஷத்தில் மனத்தை என்னவோ செய்யும். உங்கள் மனைவி உடனே வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கப்போகிறார் என்றால், குளிரைவிட இதற்குத்தான் தயாராக இருக்கச் சொல்வேன். தினமும் மதியம் அரை மணி நேரம் வெளியே நடக்கட்டும். நகர மையத்தில் மெட்ரோ நிலையங்களையும் கடைகளையும் அலுவலகங்களையும் இணைத்து 30 கிலோமீட்டருக்கு மேல் தரையடிப் பாதை உண்டு. கோட்டில்லாமல் திரியலாம். மெட்ரோ ரயிலும் முழுக்கத் தரைக்கு அடியில்தான். சௌகரியம்தான். ஆனால் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தால் சூரியனைப் பார்க்க மாட்டீர்கள்.

மார்ச்சில் மறுபடியும் பூஜ்யத்தின் விளையாட்டு. இரவில் மைனஸ் 5, பகலில் பிளஸ் 5. இதனால் இரண்டு காரியம் நடக்கிறது. ஒன்று கெட்டது: சாலை விரிசலில் இறங்கிய தண்ணீர் உறைந்து பெருத்து, உருகி, மறுபடி உறைந்து தாரைப் பெயர்த்துவிடும். அந்தக் குழிகளுக்கு இங்கே 'கோழிக்கூடு' என்று பெயர். சில குழிகளில் பண்ணையே வைக்கலாம். இன்னொன்று இனிப்பானது. இதே ஏற்ற இறக்கத்தில்தான் மேப்பிள் மரத்தில் சாறு ஓடுகிறது. இரவு உறையும்போது மரம் வேரிலிருந்து நீரை இழுக்கும். பகலில் இளகும்போது உள்ளே அழுத்தம் ஏறி, துளையிட்ட இடத்தில் சொட்டும். தொடர்ந்து குளிராகவே இருந்தாலும் ஓடாது, தொடர்ந்து சூடாகிவிட்டாலும் ஓடாது. பூஜ்யத்தைத் தாண்டிக்கொண்டே இருக்க வேண்டும். சாறு வெறும் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். 40 லிட்டரைக் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு கிடைக்கும்.

ஊருக்கு வெளியே தோப்புகளில் இதற்கென்றே கொட்டகைகள் உண்டு. மார்ச், ஏப்ரலில் குடும்பமாகப் போவார்கள். உள்ளே நுழைந்ததும் வரும் அந்த விறகுப்புகையும் வெல்ல மணமும் எனக்கு ஒரே நொடியில் பதநீர் காய்ச்சும் இடத்தை நினைவுபடுத்திவிட்டது. என் அப்பா ஊர் திருச்செந்தூர் பக்கம். பனங்காட்டில் கருப்பட்டிக் கொப்பரை அருகே நின்று வளர்ந்தவர். அவரை ஒருமுறை கூட்டிக்கொண்டு போனேன். கொதிக்கும் பாகைச் சுத்தமான பனியின்மேல் கோடாக ஊற்றி, அது இறுகும்போது குச்சியில் சுருட்டித் தருவார்கள். வாயில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தவர், "சுக்கு போட்டா இன்னும் நல்லா இருக்கும்" என்றார்.

வசந்தத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஏப்ரல் சேறும் குப்பையும். பனிக்கு அடியில் நாலு மாதம் புதைந்த எல்லாம் வெளியே வரும். மே மாதம் ஒரு வாரத்துக்குள் மரமெல்லாம் பச்சையாகிவிடும். அவ்வளவுதான் வசந்தம். கண்ணைச் சிமிட்டினால் ஜூன்.

கோடைக்கு இங்கே யாரும் தயாராக வருவதில்லை. நானும் வரவில்லை. 30 டிகிரி என்று கேட்டதும் நமக்கு இளக்காரமாக இருக்கும். ஆனால் ஈரப்பதம் சேரும்போது உடம்புக்கு 38, 40 போலத் தெரியும். கனடாவில் இதற்கு 'ஹியூமிடெக்ஸ்' என்று தனிக் கணக்கு வைத்து வானிலை அறிக்கையில் சொல்வார்கள். இங்குள்ள பழைய செங்கல் வீடுகளில் பலவற்றுக்கு ஏசி கிடையாது. மூன்றாவது மாடி இரவிலும் சூளையாகக் கிடக்கும். 2018 ஜூலைத் தொடக்கத்தில் வந்த வெப்ப அலையில் இந்த ஒரு நகரத்திலேயே 66 பேர் இறந்தார்கள். குளிர் நகரம் என்று பெயர் வாங்கிய ஊர்! அதுவும் ஜூலை 1-ம் தேதியைச் சுற்றி. அந்தத் தேதியில்தான் கியூபெக்கில் பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் முடியும். ஊரில் பாதிப்பேர் அன்றுதான் வீடு மாற்றுவதுபோல் இருக்கும். அந்த வெயிலில் வெளிப்புறச் சுழல் படிக்கட்டில் ஃபிரிட்ஜைத் தூக்கி ஏற்றுவதைப் பார்த்தால் ஜனவரியே தேவலை என்று தோன்றும். ஆகையால் வீடு பார்க்கும்போது ஹீட்டரை மட்டும் கேட்காதீர்கள். மேல்மாடியா, ஏசி மாட்ட சன்னல் தோதாக இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

கோடையிலும் மழை உண்டு. 2024 ஆகஸ்ட் 9-ல் டெபி புயலின் மிச்சம் வந்து ஒரே நாளில் விமான நிலையத்தில் 154 மில்லிமீட்டர் பெய்து, தரையடி அறைகளெல்லாம் மூழ்கின. 2023 ஜூனில் வடக்கே காடு எரிந்த புகை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரை மூடியது. அன்று உலகப் பெருநகரங்களிலேயே மோசமான காற்று எங்களுடையது. இவையெல்லாம் அன்றாடம் நடப்பவை அல்ல. மற்றபடி ஜூன், ஜூலையில் இரவு எட்டே முக்கால் வரை நீளும் மாலைகள் இந்த ஊரின் பெரிய கொடை. ஜனங்கள் வீட்டுக்குள்ளேயே போக மாட்டார்கள். முருகன் கோயில் தேரும் கோடையில்தான்.

செப்டம்பர்தான் என் கட்சி. 20 டிகிரி, காய்ந்த காற்று, கொசு இல்லை. அக்டோபர் நடுவில் ஊருக்கு நடுவிலிருக்கும் மவுன்ட் ராயல் குன்றில் இலைகள் சிவந்து நிற்கும். நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புவார்கள். மறுநாளே ஐந்து மணிக்குள் இருட்டு. நவம்பரில் இலையும் இல்லை, பனியும் இல்லை, வெளிச்சமும் இல்லை. என்னைக் கேட்டால் வருஷத்தின் மட்டமான மாதம் அதுதான், ஜனவரி அல்ல. முதல் பனி விழுந்ததும் தெருவிளக்கின் வெளிச்சம் தரையிலிருந்து திரும்பி எழும்பும். ஊரே கொஞ்சம் பிரகாசமாகும். அன்று எல்லோர் முகத்திலும் ஒரு சின்னச் சந்தோஷம் தெரியும்.

இப்போது சாமான். மதுரையிலோ சென்னையிலோ குளிர்கோட்டு வாங்காதீர்கள். அங்கே கிடைப்பது ஊட்டிக்கு ஆகும். விமான நிலையத்திலிருந்து வீடு வரை தாங்க ஒரு ஸ்வெட்டர், ஒரு ஜாக்கெட், குல்லா, கையுறை போதும். ஜனவரியில் இங்கே கிறிஸ்துமஸ் முடிந்த தள்ளுபடி நடக்கும், அப்போது வாங்குங்கள். கோட்டைவிட முக்கியம் காலணி. அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கும், தண்ணீர் புகாத பூட்ஸாக, ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள்; தடித்த சாக்ஸுக்கு இடம் வேண்டும். காலணிக்கு மேலே மாட்டும் முள்பட்டை ஒன்றும் வாங்கிப் பையில் வையுங்கள். உறைமழை நாளில் காப்பாற்றும். உள்ளே பருத்தி பனியன் வேண்டாம். வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு குளிரும். கம்பளி அல்லது செயற்கை இழை. வீட்டுக்குள் 21, 22 டிகிரி இருக்கும்; லுங்கியோடு உட்காரலாம். ஆனால் காற்று எலும்பாகக் காய்ந்திருக்கும். உதடு வெடிக்கும், கதவுப் பிடியைத் தொட்டால் பட்டென்று ஷாக் அடிக்கும். தேங்காய் எண்ணெய் கொண்டு வாருங்கள். ஆறு மாதம் அது உறைந்தேதான் இருக்கும், கத்தியால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

மல்லிகை. தரையில் நட்டால் பிழைக்காது. முதல் நவம்பரோடு சரி. தொட்டியில் பிழைக்கும். செடியை மதுரையிலிருந்து தூக்கிக்கொண்டு வராதீர்கள், எல்லையில் பறித்துவிடுவார்கள். இங்கே கோடையில் நர்சரிகளில் குண்டுமல்லி கிடைக்கும். மே கடைசியில், இரவு 10 டிகிரிக்குக் கீழே போகாது என்று உறுதியானதும் பால்கனியில் வையுங்கள். செப்டம்பர் நடுவில் உள்ளே எடுத்துவிட வேண்டும். தெற்குப் பார்த்த சன்னலோரம், ஹீட்டருக்கு நேர் மேலே இல்லாமல். ஜனவரியில் பாதி இலையைக் கொட்டிவிட்டுச் செத்ததுபோல் நிற்கும். தூக்கிப் போட்டுவிடச் சொல்லிக் கை பரபரக்கும், போடக் கூடாது. வாரம் ஒரு தம்ளர் தண்ணீர் போதும். மார்ச்சில் வெயில் ஏறியதும் கணுவில் பச்சை தெரியும். எங்கள் வீட்டுச் செடிக்கு இப்போது ஒன்பது வயது. போன ஜூலையில் ஒரு சாயங்காலம் பதினேழு பூ பூத்தது. தலையில் வைக்கப் போதாது என்று என் மனைவி சாமி படத்துக்கு வைத்தாள். மறுநாள் கதவைத் திறந்தபோது வீடு முழுக்க அந்த மணம்.